வெறும் துவக்கு

துவக்கு வெடி, அதாவது துப்பாக்கிச் சூடு, கொப்புளிப்பான் காய்ச்சல் போன்றது. ஒரு தடவை வந்துபோன உடம்புக்கு மறு தடவை வராது. உலகத்து வைத்தியர்கள் அத்தனை பேரும் கவனிக்கத் தவறிய இந்த உண்மையை நிந்தவூர் ஜவுபர் தமது ஐம்பத்திரண்டாவது வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி கண்டுபிடித்தார். வேறு எந்தப் பக்கமாகவும் படுக்க முடியாத நிலையில் இருந்ததால் சிந்திப்பதற்கு அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது.

கண்டுபிடிப்பைக் கேட்ட தாதி, "சரி, ஊசி போடணும், அசையாம படுங்க" என்றாள். புதிய உண்மைகளை உலகம் முதலில் இப்படித்தான் வரவேற்கும் என்று ஜவுபர் தம்மைத் தேற்றிக்கொண்டார். வீடு திரும்பியதும் அதை நேரடியாக மக்களிடம் கொண்டுபோனார். மக்கள் என்றால், பிரதான வீதியில் நளீமின் தேத்தண்ணிக் கடையில் காலையில் கூடுகிறவர்கள்.

"விளங்குதா நளீம்? உடம்புக்குள்ள ஒருக்கா ஈயம் போய்ட்டெண்டா உள்ளுக்க ஒரு சக்தி உண்டாகும். மறுகா வாற வெடி, இதுக்குள்ள ஏற்கெனவே ஆள் இரிக்கெண்டு பாத்திட்டு அங்கால போயிரும்."

நளீம் தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றினான். "அப்ப பஸ் அடிச்சாலும் அப்படித்தானா காக்கா?"

ஜவுபர் அந்தக் கேள்வியை நியாயமாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார். "பஸ் வேற," என்றார். "பஸ்ல ஈயம் இல்லயே."

அவரிடம் ஆதாரங்கள் இருந்தன. முதலாவது, அந்த விபத்துக்குப் பிறகு ஒரு போகம் முழுதும் கழிந்தும் அவர்மேல் இரண்டாவது வெடி படவில்லை. கடையில் இருந்த மற்றவர்கள்மேல் முதலாவது வெடியே படவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை; காலைத் தேத்தண்ணி நேரத்தில் அவ்வளவு தூரம் யோசிப்பது இந்தப் பக்கத்து வழக்கமில்லை. இரண்டாவது ஆதாரம் எக்ஸ்ரே படம். வெளியே எடுக்காமல் விட்ட ஈயச் சன்னங்கள் அதில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஜவுபர் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, வானத்து நட்சத்திரங்களைக் காட்டும் தோரணையில் காட்டினார். கத்தரிக்காயை வெட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று நளீம் சொன்னான்.

வெடி பட்ட இடம் பற்றி ஜவுபர் பொதுவாக "கால்" என்றுதான் சொல்வார். உண்மையில் பாதிதான் கால். மீதிப் பாதி, மனிதன் நாற்காலியோடு சம்பந்தப்படும் இடம்.

அது பட்ட விதத்தைச் சொல்வதற்கு முதலில் சட்டி பானைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரத்தில் எந்த வீட்டாரும் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நிந்தவூரிலிருந்து நோன்புக் கஞ்சியோடு காரைதீவுக்குப் போன சட்டி பொங்கலோடுதான் திரும்பும். பொங்கல் வருவதற்கு மாதக்கணக்கில் இருந்தால் சட்டியும் அத்தனை மாதம் அங்கேயே இருக்கும். வெறும் சட்டியை நீட்டினால் உறவு முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மரியாதை எப்படியோ ஊருக்கு மேற்கேயுள்ள வயல்வெளிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஜவுபரின் காணியும் காரைதீவுச் சுதனின் காணியும் ஒரே வரம்பைப் பங்கு போட்டிருந்தன. காட்டுக் கரை. பன்றியும் வரும், யானையும் வரும். இருவரும் ஒரு வாடியில் தங்கிக் காவல் இருந்தார்கள். துவக்கு ஒன்று: நடுவில் மடிகிற ஒற்றைக் குழல், தோட்டாவை அடிக்கும் குதிரை வெளியே இருக்கும் பழைய சாமான். அனுமதிப்பத்திரம் ஜவுபரின் பெயரில். சட்டப்படி அது அவர் கையைவிட்டுப் போகக்கூடாது. ஆனால் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொழுகை நேரம் எதுவென்று பள்ளிவாசலுக்குத் தெரிந்த அளவுக்கு யானைகளுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே பாங்கு கேட்டதும் ஜவுபர் துவக்கைச் சுதனிடம் கொடுப்பார். தொழுது முடித்து வந்ததும் சுதன் திருப்பிக் கொடுப்பான். இருவரும் மரியாதை தெரிந்தவர்கள். ஆகவே துவக்கை எவரும் வெறுமையாகக் கொடுத்ததில்லை. உள்ளே ஒரு தோட்டா போட்டுத்தான் கொடுப்பார்கள்.

போன பெரும்போகத்தில் ஒரு பின்னேரம், பன்றியை நோக்கித் துவக்கால் ஒரு வெடி வைத்த சுதன், அண்ணன் முறையான காக்காவிடம் வெறும் துவக்கைக் கொடுப்பதா என்று புதுத் தோட்டா ஒன்றைப் போட்டு வாய்க்காலுக்கு மேலால் நீட்டினான். ஜவுபர் ஒரு கையால் தொப்பியை மடித்துக்கொண்டு மறு கையால் குழலைப் பிடித்து இழுத்தார். குதிரை சுதன் உடுத்திருந்த சாரனில் மாட்டியது. வெடி ஜவுபருக்குப் பின்னாலிருந்த மதகின் கொங்கிரீட்டில் பட்டுத் தெறித்தது. தெறித்த சன்னங்கள் வாய்க்காலைத் தாண்டிக் கால் வைத்திருந்த ஜவுபரைப் பின்பக்கமாக வந்து சேர்ந்தன.

சுதன் அவரை மோட்டார் சைக்கிளில் குறுக்கே போட்டு, நெல் மூட்டையைப் போல் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழி நெடுக அவன்தான் அழுதான். பொலிஸார் வந்து கேட்டபோது, துவக்கு தம் கையிலேயே வெடித்தது என்று ஜவுபர் சொன்னார். கையில் இருந்த துவக்கு ஆளையே பின்னாலிருந்து எப்படிச் சுட்டது என்று சார்ஜன்ட் கேட்டார். "நான் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிற ஆள் சேர்," என்றார் ஜவுபர். அப்படியே எழுதிக்கொண்டு, மாதங்கள் கழித்துத் துவக்கை எச்சரிக்கையோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

ஊர் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. வெடி வாங்கியவர் துவக்கைக் கண்டால் தூர விலகுவார், வெடி வைத்தவன் காலப்போக்கில் மறந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஜவுபர் முன்னரைவிட மோசமானார். தோட்டா போட்ட துவக்கை வீட்டில் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் சாய்த்து வைத்தார். குழலின் நுனியில் சில நேரம் தொப்பியைக் கொழுவினார்.

அவருடைய மனைவி ஹாஜறா முதலில் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் தலையணையையும் பாயையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

"இஞ்சேருங்க, அது இரிக்கிற அறையில நான் படுக்கிறல்ல."

"புள்ள, எனக்கு இனி ஒண்டும் ஆகாது. நான் சொன்னேன்தானே."

"உங்களுக்கு ஆகாது. வெடி உங்கட உடம்பில, பயம் என்ட உடம்பில. அதுக்கு என்ன மருந்து கண்டுபுடிச்சிரிக்கீங்க?"

அந்தப் பக்கத்தை ஜவுபர் இன்னும் ஆராயவில்லை. ஹாஜறா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தாள்.

அவருக்குப் பயம் இல்லை என்பது உறுதி. ஒருநாள் நளீமின் கடையில் சோடாப் போத்தல் ஒன்று சத்தமாகத் திறந்தபோது ஜவுபர் மேசைக்கு அடியில் காணப்பட்டார். விழுந்த தொப்பியைத் தேடுவதாகச் சொன்னார். தொப்பி தலையில் இருந்தது. நளீம் அதற்குப் பிறகு சோடாவைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்தான்.

மாறியவன் சுதன். இந்தப் போகம் தொடங்கி முதல் நாள் காவலிலேயே அவன் சில சட்டங்களோடு வந்தான். தோட்டாவைப் போட்டவன் கைதான் அதை எடுக்க வேண்டும். துவக்கை மடித்து எடுத்தபின், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் வழியே வானத்தைப் பார்க்க வேண்டும். பிறகு வாய்விட்டு "வெறும் துவக்கு" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவனும் குழலுக்குள்ளால் ஒருதரம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். நடக்கும்போது மடித்தபடியே கையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். தோட்டா சட்டைப் பையில், பொத்தான் பூட்டி.

சுதன் தோட்டா போட்ட நாட்களில் இவையெல்லாம் நடந்தன. ஜவுபர் போட்ட நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாட்களில் சுதன் துவக்கைத் தொடுவதில்லை. பாங்கு கேட்டால் ஜவுபர் அதை வாடித் தூணில் சாய்த்துவிட்டுத் தொழப் போவார். சுதன் தட்டுவதற்கு ஒரு தகரத்தையும் நாலு யானைவெடிப் பட்டாசையும் வைத்துக்கொண்டு நிற்பான்.

சுதனின் சட்டங்கள் நளீமின் கடைக்கு ஒரு கொடையாக அமைந்தன. ஜவுபர் குடையை எடுத்துச் சுதனாகிவிடுவார். குடையை மடித்துக் கையில் குழந்தையைப் போல் போட்டுக்கொண்டு, முழங்கால் உயர்த்தி, வரம்பில் நடப்பதைப் போல் மேசைகளுக்கு இடையில் நடப்பார். நின்று, குடையின் பிடிப்பக்கத்தில் ஒரு கண்ணை வைத்து, கடைக் கூரையை நெடுநேரம் பார்ப்பார். பிறகு உம்ரா யாத்திரை போய் வந்தவரின் அடக்கத்தோடு சொல்வார்: "வெறும் துவக்கு."

சிரிப்பில் தேத்தண்ணி சிந்தும். "வானத்தில என்ன காக்கா தெரியிது?" என்று யாராவது கேட்பார்கள்.

"காரைதீவு தெரியிது," என்பார் ஜவுபர்.

நெல் கதிர் தள்ளத் தொடங்கிய கிழமையில் ஒரு காலை, இதே நாடகம் பாதியில் நிற்கும்போது சிரிப்புக் குறைந்தது. ஜவுபர் குடையிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தார். வாசலில் சுதன் நின்றான். உரம் வாங்க வந்தவன். அவனும் சிரித்துக்கொண்டுதான் நின்றான், அதுதான் ஜவுபருக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று.

"நல்லாத்தான் செய்யிறீங்க காக்கா," என்றான். "ஒண்டு மட்டும் பிழை. தோட்டாவ முதல்ல எடுக்கணும். மறுகாத்தான் வானத்தப் பாக்கணும். நீங்க எடுக்க மறந்திட்டீங்க."

கடை மறுபடி சிரித்தது. ஜவுபரும் சிரித்தார். சுதனுக்கு ஒரு தேத்தண்ணி சொன்னார். சுதன் குடித்து முடித்தான். பிறகு எழும்பி, சத்தம் குறைத்துச் சொன்னான்.

"நாளைக்கு வட்டைக் கூட்டம். காவல் சோடி எழுதுறாங்க. என்ன வேற ஆளோட போடச் சொல்லி விதானையிட்டக் கேக்கப் போறன்."

வட்டை என்றது வயல்வெளியை; விதானை என்றது, அந்த வயல்வெளிக்கு நீர்ப் பங்கீடும் காவலும் பார்க்கும் கதிர்காமத்தம்பியை. அவர் எழுதினால் எழுதினதுதான்.

"பகிடிக்கு இப்படிக் கோவமா?"

"கோவம் இல்ல காக்கா. பகிடி பண்ணுங்க. என்ட கையால ஒருக்கா நடந்திச்சு. ரெண்டாந்தரம் நடக்கிறத்துக்கு நான் பக்கத்தில இரிக்கேலா. அவ்வளவுதான்."

"எனக்குத்தான் இனிப் படாதே, தம்பி."

சுதன் "பின்னேரம் வாறன்," என்று சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்பட்டான்.

அன்று பகல் முழுதும் ஜவுபர் கணக்குப் பார்த்தார். காட்டுக் கரைக் காணியை ஒற்றை ஆளாகக் காவல் காக்க முடியாது. புதிய சோடியாக யாரை எழுதினாலும், அந்த ஆள் தூங்குகிறவனாகவோ கதைக்கிறவனாகவோ இருப்பான். சுதன் தூங்கவும் மாட்டான், கதைக்கவும் மாட்டான். ஜவுபர் கதைப்பதைக் கேட்பான். பதினைந்து போகமாக அவர் சொன்ன எல்லாப் பொய்களையும் முதன்முதலில் கேட்டவன் அவன். அவன் போய்விட்டால் வேளாண்மையில் பாதி யானைக்குப் போகும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு யாரோடு கதைப்பது என்ற கேள்விதான் அவரை அதிகம் தொந்தரவு செய்தது. ஆனால் தோட்டாவை எடுத்துக் காட்டுவதா? ஊர் முன்னால் குடையை வைத்து ஆடிய ஆட்டத்தை, இனி வரம்பின் மேல் நின்று தாமே உண்மையாக ஆடுவதா? அதற்குப் பதிலாக அவர் ஹாஜறாவிடம் சொல்லி மாட்டிறைச்சி இல்லாமல், இறால் போட்டுச் சோறு கட்டச் சொன்னார். சுதன் மாடு சாப்பிடமாட்டான்.

ஹாஜறா சோற்றைக் கட்டியபடி, "இறாலா," என்றாள். "அவ்வளவு பெரிய பிழையா?"

பின்னேரம் வயலில் காற்று இல்லை. கதிர் நுனிகள் அசையாமல் நின்றன. சுதன் வந்து தகரத்தை எடுத்து வைத்தான். சோற்றைக் காட்டியபோது, "மறுகா சாப்பிடுவம்," என்றான். ஜவுபர் பழக்கப்படி தோட்டாவைப் போட்டுத் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு, பழைய கதை ஒன்றைத் தொடங்கினார். சுதன் கேட்டான். ஆனால் கேட்பதிலும் ஒரு விடைபெறுகிற மாதிரித் தன்மை இருந்தது.

சூரியன் காட்டு விளிம்பைத் தொட்டது. ஊர்ப் பக்கமிருந்து பாங்கு மெதுவாக வந்தது. ஜவுபர் எழும்பித் துவக்கை நீட்டினார். இந்தப் போகத்தில் இத்தனை நாளும் நீட்டாதவர், இன்று நீட்டினார்.

"இந்தா, புடி தம்பி."

சுதன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "திறந்து காட்டுங்க காக்கா."

"உள்ளுக்க ஒண்டு போட்டிரிக்கன்."

"தெரியும். எடுங்க."

"வெறும் துவக்கத் தந்து உன்ன அவமானப்படுத்தச் சொல்றியா?"

"ஓம். அவமானப்படுத்துங்க."

"நேரம் போகுது."

"மடிக்கிறத்துக்கு எவ்வளவு நேரம்."

மஃரிப் காத்திருக்கும் தொழுகை அல்ல. ஜவுபர் மேற்கே பார்த்தார், துவக்கைப் பார்த்தார், சுதனின் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளைப் பார்க்க முயன்றார். பிறகு துவக்கை வழக்கம்போல வாடித் தூணில் சாய்த்துவிட்டு வாய்க்காலில் ஒளு எடுக்கப் போனார். தண்ணீர் சில்லென்றிருந்தது. முகத்தைக் கழுவும்போது கோபம் இருந்தது. காலைக் கழுவும்போது அதுவும் குறைந்துவிட்டது. வாடிக்கு முன்னாலிருந்த வெறுந்தரையில் பாயை விரித்துக் கிப்லாவைப் பார்த்து நின்றார்.

மஃரிபுக்கு மூன்றே ரக்அத். அதில் எண்ணிக்கை தவறுவது எளிதில் முடிகிற காரியமில்லை. ஜவுபர் அதைச் சாதித்தார். முதல் சுஜூதில் நெற்றி பாயில் பட்டபோது, உடம்பின் மறுமுனை தூணைப் பார்த்தபடி வானத்துக்கு உயர்ந்திருப்பதை அவர் உணர்ந்தார். அங்கே இருந்த சன்னங்கள் ஒவ்வொன்றும் விழித்துக்கொண்டன. பின்னால் ஓலை ஒன்று சரசரத்தது. துவக்கு வழுக்குகிறதா? தூணின் அடி மண் இளகிய மண். நேற்று நாய் ஒன்று அந்தப் பக்கம் சுற்றியது. சுஜூதில் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எந்த இடத்தில் நின்றன என்று தெரியவில்லை. எழும்பினார். மறுபடி குனிந்தார். மறுபடி அந்த இடம் முழுவதும் காதாக மாறிக் கேட்டது.

கடையில் எதையும் சொல்லலாம். இங்கே, இந்தப் பாயில், கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. தாம் பயந்திருப்பதை ஜவுபர் அறிந்தார். இன்றைக்கு மட்டும் அல்ல. இந்தப் போகம் முழுதும் ஒவ்வொரு மஃரிபிலும் பயந்திருக்கிறார்; அதனால்தான் அவ்வளவு வேகமாகத் தொழுதிருக்கிறார். அதை ஊர் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தது.

இரண்டா மூன்றா என்று தெரியாமல் இன்னொன்று தொழுது, மறதிக்கான சுஜூதும் செய்து, உட்கார்ந்து, வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் திருப்பியவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினார். தூண் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

தூண் தெரியவில்லை. நடுவில் சுதன் நின்றான்.

துவக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜவுபரின் முதுகுக்கும் அதற்கும் சரி நேராக, கைகளைக் கட்டிக்கொண்டு, யானை வருகிறதா என்று காட்டுக் கரையைப் பார்த்தபடி நின்றான். துவக்கு சரிந்து வெடித்திருந்தால் அது அவனைத்தான் முதலில் சந்தித்திருக்கும்.

"நீ ஏன் அதில நிக்கிறாய்?" என்றார் ஜவுபர். தொழுத பாயிலிருந்து அவர் இன்னும் எழும்பவில்லை.

"எப்பவும் இதிலதான் நிக்கிறன்."

"எப்பவுமெண்டா?"

"நீங்க தொழுற நேரம். பின்னால கிறுகிப் பாக்கிறல்லயே நீங்க." சுதன் அதை ஒரு பெரிய விசயமாகச் சொல்லவில்லை. "தொட மாட்டனெண்டுதான் சொன்னன். மறைச்சு நிக்க மாட்டனெண்டு சொல்லல்ல."

ஜவுபர் பாயைப் பார்த்தார். தமது தத்துவத்தை அவர் முதன்முறையாகக் கடைசிவரை யோசித்துப் பார்த்தார். கொப்புளிப்பான் வந்து மாறியவனுக்கு அது மறுபடி வராது, சரி. வராதவனுக்கு? வராதவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க விடுவார்களா? வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி வந்தால் எல்லோரும் சேர்ந்து விரட்டுவார்கள். சுதனின் உடம்பில் ஈயம் ஒரு துளியும் இல்லை. அவனை இந்தப் போகம் முழுதும் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தவர் இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்த அதே மனிதர்.

அவர் எழும்பினார்.  

"அங்கால போ," என்றார்.

"என்ன?"

"அங்கால நில்லுகா. இந்தப் பக்கம் வா. எனக்குப் பின்னால."

சுதன் நகர்ந்தான். ஜவுபர் தூணுக்குப் போய்த் துவக்கை எடுத்து, குழலை ஆளில்லாத காட்டுப் பக்கம் திருப்பி, மடித்தார். நெடுநாள் எண்ணெய் போடாததால் அது முனகியது. தோட்டாவை இழுத்தபோது அது கொஞ்சம் அடம்பிடித்து, பிறகு உள்ளங்கைக்குள் வந்தது. இவ்வளவு சின்னச் சாமான். அதைச் சட்டைப் பையில் போட்டார். பொத்தானை மூன்றாவது முயற்சியில் பூட்டினார்.

பிறகு குழலை மேற்கே, கடைசி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தார்.

குழலுக்குள் சிலந்தி ஒன்று நூல் கட்டத் தொடங்கியிருந்தது. அதற்கு அப்பால் ஒரு சின்ன வட்டமாகச் சிவந்த வானம் இருந்தது. ஒரு பக்கத்தில் துரு. உண்மையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் பார்க்கிறது என்று அவருக்கு விளங்கியது.

துவக்கை மடித்தபடியே சுதனிடம் நீட்டினார். "வெறும் துவக்கு," என்றார். கடையில் சொல்கிற குரல் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார்.

சுதன் வாங்கவில்லை. குனிந்து, தானும் ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள்ளால் பார்த்தான்.

"நான் பாத்திட்டன்தானே," என்றார் ஜவுபர்.

"நீங்க பாத்தத நான் பாக்கல்லயே."

நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். காட்டுக் கரையில் கிளை ஒன்று முறியும் சத்தம் கேட்டது. சுதன் தன் சட்டைப் பையிலிருந்து தோட்டா எடுத்தான்; எடுத்தவன் போடாமல் காத்திருந்தான். யானையாக இருந்தால் இன்னொரு கிளை முறியும். முறியவில்லை. தோட்டா பைக்குள் திரும்பிப் போயிற்று.

"என்ன கட்டித் தந்திரிக்காங்க ராத்தா?" என்று ஹாஜறாவின் சோற்றுப் பொதியைப் பார்த்துக் கேட்டான் சுதன்.

"இறால்."

"அப்ப சாப்பிடுவம்."

சாப்பிடும்போது ஜவுபர் பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்தார். அது முழுப் பொய். சுதன் கேட்டுக்கொண்டு இறாலின் தலையைச் சூப்பினான். ஓரிடத்தில், "போன தரம் சொல்லக்குள்ள அது ஒரு யானை, இப்ப மூணா?" என்றான். "குடும்பமா வந்திச்சு," என்றார் ஜவுபர்.

விடிந்ததும் சுதன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். பின்னால் உட்கார்ந்த ஜவுபரின் மடியில் துவக்கு மடித்தபடி கிடந்தது. நளீமின் கடையில் அடுப்புப் பற்றியிருந்தது. இரண்டு மூன்று பேர் வாசலில் நின்றார்கள். ஜவுபர் எதிர்ப்பக்கம், பள்ளிவாசல் மினாராவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவரைப் போல் கவனமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

ஒழுங்கை முனையில் இறங்கினார்.

"கூட்டத்துக்குப் போறியா?" என்று கேட்டார். கேட்பதற்குச் சுதனின் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளின் டயரைப் பார்த்தார்.

"போகத்தானே வேணும். யானைவெடி குடுக்கிறாங்களாம். ஆளுக்கு நாலு." சுதன் கிளட்சைப் பிடித்தான். "ரெண்டு பேர்ட பங்கையும் நானே எடுத்திட்டு வாறன். நீங்க படுங்க."

மோட்டார் சைக்கிள் காரைதீவுப் பக்கமாகத் திரும்பி மறைந்தது. ஜவுபர் துவக்கைக் கையில் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் நடந்தார். வீட்டுப் படலையைத் தள்ளும் சத்தத்துக்கு ஹாஜறா குசினியிலிருந்து கேட்டாள்.

"வந்திட்டீங்களா?"

"ஓம்."

"அப்ப ஏன் முத்தத்தில நிக்கிறீங்க?"

"வாறன் புள்ள. ஒரு நிமிசம்."

கடற்பக்கம் தென்னைகளுக்கு மேலே வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. துவக்கு வெறுமையாகத்தான் இருந்தது. அவர் கையாலேயே எடுத்தது, சுதன் பார்த்தது, வழி முழுதும் மடித்தே வந்தது. ஒழுங்கையில் ஆளில்லை. ஜவுபர் முற்றத்தில் நின்றபடி குழலைக் கிழக்கே திருப்பி, ஒரு கண்ணை மூடி, அதற்குள்ளால் விடிந்துகொண்டிருந்த வானத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனார்.